அக்கினி அஸ்திரமும் வெடிமருந்தும்

ஒருவன் ஆக்கினேயாஸ்திரத்தை ஏவுவான். எதிரி வருணாஸ்திரத்தால் மழை பொழிவித்து அதை அணைப்பான். இதிகாசக் கதைகளில் படித்திருக்கிறோம் அல்லவா? பண்டைய இந்தியர் வெடிமருந்தை அறிந்திருந்தனர் என்று சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் குஸ்தாவ் ஆப்பர்ட் 1880-இல் எழுதினார். அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று சுக்கிரநீதி. ஆனால் துப்பாக்கியைக் கூறும் அதன் பகுதி மிகவும் பிற்பட்டது என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

அஸ்திரத்துக்கு மந்திரம் போதும். வெடிமருந்துக்கோ நூற்றில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் வேண்டும். கரியும் கந்தகமும் எரிபொருள்கள். எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பே தருகிறது. ஆகவே அடைபட்ட பீரங்கிக் குழாயினுள்ளும் மருந்து எரியும். அப்போது உண்டாகும் சூடான வாயுக்கள் குண்டை வெளியே தள்ளுகின்றன. மூன்றையும் நைய அரைத்துக் கலந்தால்தான் இது நடக்கும். நீர் பட்டால் வெடியுப்பு கரைந்து, கலவை கெட்டுவிடும்.

1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டார். உள்ளே டூப்ளே தாக்குப்பிடித்தார். நோயும் மழைக்காலமும் நெருக்கவே, அக்டோபரில் ஆங்கிலேயர் முற்றுகையைக் கைவிட்டனர். அந்த மழையை எந்த மந்திரமும் அழைக்கவில்லை. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வடகிழக்குப் பருவக்காற்றின் காலம் அது. அதை அறிந்து திட்டமிடுவதும் போர்க்கலையின் ஒரு பகுதிதானே!