மீன்தொட்டி பம்பும் ஒரு பாடத்திட்டமும்

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரலில், மூச்சை விட்டதும் சிற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவை திறந்தே இருக்க, மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் இடைவிடாமல் காற்று செலுத்த வேண்டும். அதற்கான சிபாப் கருவியின் விலை பல ஆயிரம் டாலர். ஆப்பிரிக்காவின் மலாவி போன்ற ஏழை நாட்டுக்கு அது எட்டாத தொகை.

இந்தச் சிக்கலைத்தான் ஹூஸ்டனிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகம் தன் இளநிலை மாணவர்களிடம் கொடுத்தது. ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்டம், மரியா ஓடன் ஆகிய பேராசிரியர்கள் வழிகாட்டினார்கள். மாணவர்கள் மீன்தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுத்தார்கள். வெளியேறும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினால், எத்தனை சென்டிமீட்டர் ஆழமோ அத்தனை அழுத்தம். பள்ளி இயற்பியல்தான். முதல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஷூ பெட்டிக்குள் அடங்கியது. பின்னாளில் 'புமானி' ஆனது அதுதான்.

மலாவியின் பிளாண்டயர் நகரிலுள்ள குவீன் எலிசபெத் மருத்துவமனையில் மூச்சுத்திணறல் கண்ட பச்சிளங்குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். 2014இல் வெளியான ஆய்வின்படி, கருவி பொருத்தப்பட்ட 62 பேரில் 44 பேர் பிழைத்தார்கள். வெறும் ஆக்சிஜன் பெற்ற 25 பேரில் 11 பேர். சிறிய ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்ததும் அல்ல. ஆனாலும் ஒரு வகுப்பறை ப்ராஜெக்ட் இவ்வளவு தூரம் போவது அபூர்வம். நம் கல்லூரிகளில் பல ப்ராஜெக்டுகள் வைவா முடிந்த கையோடு அலமாரிக்குப் போகின்றன.

'செயல்முறைப் பயிற்சி கூடினால் தியரி குறைந்துவிடும்' என்று ஆசிரியர்கள் அஞ்சுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூக்குக் குழாயில் காற்று கசிந்து அழுத்தம் இறங்கும்போது பாய்ம இயக்கவியல் தேவைப்படத்தான் செய்யும். அப்போது மாணவரே சமன்பாட்டைத் தேடிப் போவார். முதல் இரண்டு ஆண்டுகள் கணக்கு, உயிரியல், எலெக்ட்ரானிக்ஸ் என்று தனித்தனியாக ஊட்டிவிட்டு, கடைசி ஆண்டில் 'சேர்த்துப் பார்' என்பதுதான் கோளாறு.

இங்கே முன்மாதிரி இல்லாமல் இல்லை. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையமும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினீயரிங் எம்.டெக். நடத்துகின்றன. ஆனால் அது முதுநிலை. பி.இ. இரண்டாம் ஆண்டிலேயே மாணவரை வார்டுக்குள் அனுப்பலாம். அதற்கு ஒரு தாளைக் குறைத்தாலும் தவறில்லை. ஒரு செமஸ்டரில் கருவி முடியாது. சரிவராத சோதனைகளின் குறிப்பு உட்பட எல்லாவற்றையும் அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைக்க வேண்டும், அந்த ஒப்படைப்புக்கும் மதிப்பெண் உண்டு என்று வைக்கலாம். வைவா குழுவில் ஒரு நாற்காலியை, அந்தக் கருவியை ராத்திரி ஷிப்டில் இயக்கப்போகும் நர்ஸுக்குக் கொடுக்கலாம்.