மூச்சால் நீந்தும் கடல்

‘டீப்’ என்ற விளையாட்டை விளையாடுபவர் பொத்தான் எதையும் அழுத்துவதில்லை. கண்களை மறைக்கும் வி.ஆர். (மெய்நிகர் உலக) ஹெட்செட், வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட், அவ்வளவுதான். வயிறு விரிய மூச்சை இழுத்தால் கடலுக்குள் மெல்ல மேலே மிதக்கலாம். கண்முன்னே ஒரு வட்டம் மூச்சோடு சேர்ந்து விரிந்து சுருங்குகிறது.

இதை உருவாக்கியவர்கள் அயர்லாந்தின் ஓவன் ஹாரிஸ், நெதர்லாந்தின் நிக்கி ஸ்மிட். பதற்றத்தால் அவதிப்பட்ட ஹாரிஸ் தனக்காகவே தொடங்கிய வேலை இது. பதறும்போது மூச்சு நெஞ்சோடு நின்று வேகமெடுக்கும். நிதானமாக வெளிவிட்டால் இதயத்துடிப்பு தணியும். ஆனால் மனம் அலைபாயும் ஒருவரிடம் “மூச்சைக் கவனி” என்றால் அவர் எதைப் பிடித்துக்கொள்வார்? இங்கே மூச்சு கண்ணுக்கே தெரிகிறது. எதிரிகள் துரத்துவதும் இல்லை.

இதே தொழில்நுட்பம் நேரெதிர் வேலையும் செய்திருக்கிறது. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும், சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனையில் தீக்காய நோயாளிகளுக்கு வி.ஆரைக் கொண்டுவந்தார்கள். வலிநிவாரணி கொடுத்தும், கட்டு மாற்றும்போது உயிர்போகும் வலி. அவர்களுக்காக உருவான ‘ஸ்னோவேர்ல்டு’ ஒரு பனிப் பள்ளத்தாக்கு. பனிமனிதர்கள்மீதும் பென்குயின்கள்மீதும் பனிப்பந்து எறிந்துகொண்டே நோயாளி அதில் மிதந்து செல்வார். எறிவதில் மூழ்கிய மனத்துக்கு வலியைக் கவனிக்க நேரமில்லை. 2004இல் வெளியான மூளை ஸ்கேன் ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் வலி சார்ந்த மூளைப்பகுதிகளின் செயல்பாடே குறைந்திருந்தது.

கவனத்தை உடலிலிருந்து விலக்குவதா, உடலுக்குத் திருப்புவதா? வடிவமைப்பாளர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். கட்டு மாற்றும் வலிக்கு முன்னது; பதற்றத்தை அடக்கப் பழகுவதற்குப் பின்னது. அழகான கடற்கரையைக் காட்டிவிட்டால் மன அழுத்தம் தீரும் என்று நம்பிச் செய்யும் செயலி, பயனரைப் பார்வையாளராகவே உட்கார வைத்துவிடுகிறது.

வி.ஆரில் குமட்டல் இன்னொரு தொல்லை. நகர்வதாகக் கண் சொல்லும், அசையவே இல்லை என்று உட்காது சொல்லும்; தலை சுற்றும். அதனால் தலையைத் திருப்பிய கணமே காட்சியும் திரும்ப வேண்டும். நகர்வு மெதுவாக, பயனர் எதிர்பார்த்தபடி இருக்க வேண்டும்.

நெதர்லாந்தில் சிறப்புப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரிடம் ‘டீப்’ சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2020இல் வெளியாயின. விளையாடியபின் சிறிது நேரத்துக்குப் பதற்றம் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் எட்டுப் பேரை வைத்துச் சிகிச்சை என்று அறிவிக்க முடியாது. பெரிய ஆய்வுகள் வேண்டும். ஹெட்செட் இல்லாத வகுப்பறையிலும், சண்டை மூளும் நேரத்தில், பழகிய மூச்சு கைகொடுக்கிறதா என்பதையும் அவை அளக்க வேண்டும்.