நோன்பும் உடலும்

புத்தள மாவட்டத்துக் கரையோரம் நோன்பு மிகுந்த நிலமாகும். உடப்பிலே ஆடி மாதத்துத் திரௌபதையம்மன் விழாவில் தீமிதிப்போர் விரதங் காக்கின்றனர். முன்னேசுவரத்தைச் சூழ்ந்த சைவர் ஐப்பசியிற் கந்தசட்டியும் மாசியிற் சிவராத்திரியும் நோற்கின்றனர். புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்கள் ரமழானிலும், சிலாபத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்திலும் உணவை ஒறுக்கின்றனர். பதினாறு மணிநேரம் உண்ணாதிருந்து எட்டு மணிநேரத்துள் உணவை முடித்துக்கொள்ளும் 'இடைவிட்ட உண்ணாநோன்பு' பற்றி இக்கால மருத்துவர் பேசுங்கால், இக்கரையோரத்தார்க்கு அது புதுமையாகத் தோன்றாது.

கந்தசட்டியில் ஆறு நாளும் ஒருபொழுது உண்போர் கூறும் அனுபவம் பெரும்பாலும் ஒத்திருக்கிறது. முதல் நாள் தலையிடிக்கும். இரண்டாம் நாள் சோர்வு வரும். மூன்றாம் நாள்முதல் உடல் இலேசாகும் என்பர். தலையிடியைப் பசியின் மேல் ஏற்றுவது வழக்கம். நாள்தோறும் நாலு முறை தேநீர் அருந்துவோர் அதனைத் திடீரென நிறுத்துவதும் அதற்கு ஒரு காரணமென்பதைப் பலர் எண்ணுவதில்லை. நோன்புக்கு முன்னரே தேநீரைச் சிறிது சிறிதாகக் குறைத்தோர் இத்துன்பத்தைப் பெரிதும் தவிர்ப்பர். பசியும் இடையறாது வளர்வதன்று. வழக்கமாக உண்ணும் வேளையில் எழுந்து, அவ்வேளை கழிந்ததும் தணியும். பசியைத் தூண்டும் சுரப்பு உணவுவேளைக்குப் பழகியிருத்தலே இதன் காரணம்.

உண்ட உணவு தீர்ந்தபின் ஈரல் தான் சேமித்த சர்க்கரையை இரத்தத்துக்கு ஈகிறது. அச்சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளளவிற் குன்றிவிட, உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கத் தொடங்கும். ஆயினும் நேரத்தைச் சுருக்குவதனால் மட்டும் உடல் மெலியும் என்பது உறுதியன்று. சீனத்துக் குவாங்சோ நகரிற் பருமனுடையார் 139 பேரை ஓராண்டு ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, உணவின் அளவைக் குறைத்தோர்க்கும், அளவோடு நேரத்தையும் குறைத்தோர்க்கும் எடையிழப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவிலே வடையும் பாயசமுமாக இருமடங்கு உண்பார்க்குப் பயன் யாதாம்?

இனி, கருதவேண்டிய இடர் வேறுள்ளது. ஆடியில் இக்கரை வறண்ட காற்றும் வெயிலும் உடையது. நீரும் அருந்தாது கரைவலை இழுப்பவர் வியர்வையால் இழக்கும் நீரும் உப்பும் மிகுதி. அவர்க்கு மயக்கம் வருதல் இயல்பே. அதனினும் கொடியது நீரிழிவு மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உண்ணாதிருத்தல். கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்றவையும் இன்சுலினும் உணவில்லாத வயிற்றோடு சேருங்கால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மிஞ்சி வீழும். வியர்த்தல், நடுங்குதல், நெஞ்சு படபடத்தல், பேச்சுக் குழறல் என்பன அதன் அறிகுறிகள். இவற்றை 'அம்மன் அருள்' என்றோ விரதக் களைப்பென்றோ கருதிப் படுக்கவிடுவது உயிருக்கே ஏதமாகும். பழகிய மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதும் தகாது. சர்க்கரை அப்போது எதிர்ப்புறமாக ஏறிவிடும்.

நேர்த்தி வைத்தவர் அதனைக் குறைக்க அஞ்சுவர். அவ்வச்சம் எளிதாகக் கொள்ளத்தக்கதன்று. ஒரு குடும்பத்தின் நன்றியும் வேண்டுதலும் அதனுள் அடங்கியுள்ளன. ஆனால் சமயங்கள் இதனை முன்னரே எண்ணியுள்ளன. ஆறுமுகநாவலர் (1822-1879) தம் சைவ வினாவிடையில் உணவை விடுதலோடு சுருக்குதலையும் விரதமாகவே கொண்டார். திருக்குர்ஆன் நோயுற்றோரும் பயணிகளும் வேறு நாட்களில் நோற்க இடந்தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபை தன் உண்ணாநோன்புக் கடமையைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டு அறுபதாம் வயது தொடங்காதார்க்கே விதிக்கிறது. ஆகலின் பாலும் பழமுமாக நோற்கும் நோயாளி விரதத்தைக் கைவிட்டவர் ஆகார்.

நீரிழிவுடையார் நோன்புக்கு ஓரிரு திங்கள் முன்னரே மருத்துவரிடம் சென்று, மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றியமைத்துக் கொள்ளுதல் வேண்டும். நோன்பு நாட்களில் விரல் நுனிக் குருதியைச் சோதித்துப் பார்ப்பதால் விரதம் முறியாது. அளவு 70 மில்லிகிராமிற் குறைந்தாலும் 300ஐக் கடந்தாலும் அக்கணமே நோன்பை முடிக்க வேண்டுமென்பது மருத்துவர் கொண்ட வரம்பு. குறைந்தவிடத்துச் சீனி கரைத்த நீரை உடனே பருகுதலும், சிறிது நேரங் கழித்து மீண்டும் சோதித்தலும் முறையாகும்.