பிரசவத்துக்குப் பின் 42 நாள்கள்: தாயை மறந்த திட்டங்கள்

புது தில்லி: பிள்ளைப்பேறு வீட்டிலா, மருத்துவமனையிலா என்ற கேள்விக்கு இந்தியா ஏறத்தாழ விடை கண்டுவிட்டது. எந்த முறையில் பிரசவிப்பது, அதன் பிறகு தாயைக் காப்பது யார் என்ற கேள்விகளுக்கு இன்னும் முழுமையான விடை இல்லை.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 2005-06-இல் மருத்துவமனைகளில் நிகழ்ந்த பிரசவங்கள் 38.7 சதவீதம். 2019-21-இல் இது 88.6 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனைக்கு வரும் ஏழைத் தாய்க்கும், அவரை அழைத்து வரும் 'ஆஷா' ஊழியருக்கும் பணம் வழங்கும் 'ஜனனி சுரக்ஷா' திட்டம் 2005-இல் தொடங்கப்பட்டதே இதற்கு முக்கியக் காரணம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 254 ஆக இருந்த (2004-06) தாய் இறப்பு 97 ஆகக் குறைந்தது (2018-20). இது பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை.

கூடியும் குறைந்தும் அறுவை சிகிச்சை

ஆனால், மருத்துவமனைக்குள் நுழைந்த பெண்ணின் விருப்பம் எந்த அளவுக்குச் செல்லுபடியாகிறது? அதே 2019-21 ஆய்வில், அரசு மருத்துவமனைகளில் 14.3 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நிகழ்ந்தன. தனியார் மருத்துவமனைகளிலோ 47.4 சதவீதம். தெலங்கானாவில் 60.7, தமிழகத்தில் 44.9, நாகாலாந்தில் வெறும் 5.2. பெண்களின் உடல் மாநிலத்துக்கு மாநிலம் இவ்வளவு மாறுபடுவதில்லை. ஓரிடத்தில் தேவையின்றிக் கத்தி வைக்கப்படுகிறது. மற்றோரிடத்தில் தேவைப்படுபவருக்கே அது எட்டுவதில்லை.

சிக்கலற்ற பிரசவங்களைப் பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியர்களிடம் ஒப்படைக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2018-இல் வெளியிட்டது. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் உறவினர் இருக்கவும் 2016-இல் அனுமதி அளித்தது. அறுவை சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்கும் வேளையில் தாயின் குரலுக்கு வலுச் சேர்க்கக்கூடியவை இவை. எல்லா மருத்துவமனைகளிலும் நடைமுறைக்கு வந்தால்தான் பயன்.

மூன்று நாள் உணவு, பிறகு?

2011-இல் தொடங்கப்பட்ட 'ஜனனி சிசு சுரக்ஷா' திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமானால் 3 நாள்களும் அறுவை சிகிச்சையானால் 7 நாள்களும் தாய்க்கு இலவச உணவு உண்டு. பிரசவத்துக்குப் பின் 42 நாள்கள் வரை நேரும் மரணங்களையும் தாய் இறப்பாகவே மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. உதிரப்போக்கு, காய்ச்சல், தையல் புண், மனச்சோர்வு எல்லாம் இந்த நாள்களில்தான் தலைதூக்குகின்றன. 'ஆஷா' ஊழியர் 42 நாள்களுக்குள் 6 முறை வீடு தேடி வருகிறார். ஆனால், அந்தத் திட்டத்தின் பெயரே 'பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு'. தாய் அதில் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறார்.

வட மாநிலங்களில் பேறுகால ஓய்வை 'ஜாபா' என்கிறார்கள். நெய்யும் உலர்பழங்களும் சேர்த்த 'பஞ்சீரி'யை உண்டு, தாய் 40 நாள்கள் வீட்டில் இருப்பது மரபு. செங்கல் சூளையிலும் வயலிலும் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த ஓய்வு கிடைப்பது அரிது. 2017-இல் 26 வாரங்களாக உயர்த்தப்பட்ட ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு, அமைப்புசார் துறையில் பணிபுரியும் பெண்களுக்கே பயன்படுகிறது.

மற்றவர்களுக்காக, 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறைந்தது ரூ. 6,000 மகப்பேறு உதவிக்கு உறுதி அளித்தது. 2017-இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு ரூ. 5,000 என்று நிர்ணயித்தது. இரண்டாவது பிரசவத்துக்கு, பிறப்பது பெண் குழந்தையானால் மட்டும் ரூ. 6,000 என்று பின்னர் சேர்க்கப்பட்டது. ஆண் குழந்தை பெற்ற தாயின் உடல் மட்டும் விரைவில் தேறிவிடுமா?

தில்லியில் மரத்தடியில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் வழக்கையும், வீட்டில் பிரசவித்ததும் உயிரிழந்த மற்றொரு பெண்ணின் வழக்கையும் சேர்த்து விசாரித்த தில்லி உயர் நீதிமன்றம், தாயின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2010-இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமை மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த 42 நாள்களுக்கு உணவும் கூலி இழப்பீடும் முறையான பரிசோதனையும் கிடைக்கும்போதுதான், மருத்துவமனைப் பிரசவத்தில் இந்தியா கண்ட சாதனை முழுமை பெறும்.