இரவு பத்து மணிப் பசி

சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஆசிரியர்களுக்கான மருத்துவ முகாம் ஒன்று நடந்தது. பெயர் கொடுத்துவிட்டோமே என்பதற்காகத்தான் போனேன். இரண்டு நாள் கழித்து வந்த முடிவில் எச்பிஏ1சி 6.2 என்று இருந்தது. கடந்த மூன்று மாதங்களில் இரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதைக் காட்டும் அளவு இது. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

மருத்துவர் கேட்டார், “ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஏதாவது சாப்பிடுவீங்களா டீச்சர்?”

“ஒன்றும் இல்லை சார்” என்றேன். பொய் சொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றிரவு ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மணி பத்தரை. பக்கத்தில் கிரீம் பிஸ்கட் பாக்கெட் காலியாகக் கிடந்தது. எப்போது பிரித்தேன், எப்போது முடித்தேன் என்று நினைவே இல்லை.

என் அப்பாவுக்கு நீரிழிவால் கால்விரல் எடுத்தபோது அவருக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்தவள் நான். அந்தக் காலியான பாக்கெட் அன்று என்னைச் சும்மா விடவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தேன். 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை. பாக்கெட்டின் எடை 60 கிராம். அப்படியென்றால் நான் தின்ற சர்க்கரை 18 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் நாலரை தேக்கரண்டி. கூடவே குடித்த டீயில் இரண்டு தேக்கரண்டி. மொத்தம் 26 கிராம்.

இனிப்புக்காகச் சேர்க்கும் சர்க்கரை அன்றாட ஆற்றல் தேவையில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்கு அந்த 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம். ஒரு நாள் முழுமைக்குமான அளவை நான் ஒரு மணி நேரத்தில், பசியே இல்லாமல் முடித்திருந்தேன்.

ஏன் இரவில் மட்டும்?

பகலில் இனிப்பு என் நினைவுக்கே வருவதில்லை. இரவில் மட்டும் ஏன் என்று தேடிப் படித்தபோது நான்கு காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, பகலில் குறைவாகச் சாப்பிடுவது. காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நின்றுகொண்டே இரண்டு இட்லி. மதியம் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அரை டப்பா சோறு. இரவு உணவுக்கு ஒன்பதரை. பகலில் வைத்த பாக்கியை உடல் இரவில் கேட்கிறது.

இரண்டாவது, உடலுக்குள் ஓடும் கடிகாரம். பசியும் இனிப்பு மீதான நாட்டமும் இயல்பாகவே காலையில் குறைவாகவும் இரவு நெருங்கும்போது கூடுதலாகவும் இருக்கும். ஆனால் இன்சுலின் வேலை செய்யும் திறன் இரவில் குறைகிறது. அதே பிஸ்கட்டைக் காலையில் தின்பதைவிட இரவில் தின்றால் சர்க்கரை கூடுதலாக ஏறும்.

மூன்றாவது, தூக்கக் குறைவு. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அவர்கள் அதிகம் விரும்பியவை இனிப்பும் மாவுப் பண்டங்களும்தான்.

நான்காவது, பழக்கம். சிவப்புப் பேனாவைத் திறந்தால் கை தானாக டப்பாவைத் தேடுகிறது. திருத்தும் வேலையின் சலிப்புக்கு பிஸ்கட் ஒரு பரிசு. பல ஆண்டுகள் இப்படியே போனபின் இது பசியா, பழக்கமா என்று பிரித்தறியவே முடியவில்லை.

நான் மாற்றிக்கொண்டவை

‘இனிமேல் இனிப்பே கிடையாது’ என்று முதல் வாரம் சபதம் போட்டேன். நான்காம் நாள் சபதம் உடைந்தது. அன்று இரண்டு பங்கு தின்றேன். எனவே, இரவை விட்டுவிட்டுப் பகலைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

காலையில் இட்லியோடு ஒரு முட்டை. மதிய டப்பாவில் சோற்றைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டினேன். பள்ளி விட்டதும் ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு உணவை எட்டு மணிக்குக் கொண்டு வந்தேன். ஐந்து மணிக்குப் பிறகு டீ, காபி இல்லை; அவற்றிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை தூக்கம் தள்ளிப்போகும்.

பிஸ்கட் வாங்கி வைப்பதை நிறுத்தினோம். வீட்டில் இல்லாத பொருளோடு போராட வேண்டியதில்லை. திருத்தும் வேலையில் பாதியைப் பள்ளியிலேயே பாடவேளை இல்லாத நேரத்தில் முடித்தேன். மீதிக்குக் கூடத்து மேசையில் உட்கார்ந்தேன். அடுக்களைப் பக்கம் இல்லை. ஆசை வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் மாடியில் நடப்பேன். பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். உண்மையான பசி என்றால் மோரோ ஒரு கொய்யாவோ.

தீபாவளி வாரத்தில் எல்லாம் தலைகீழானது. அடுத்த வாரம் மீண்டும் தொடங்கினேன். ஒரு நாள் தவறினால் ஒரு நாள்தான் போனது.

இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள்கள். அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. 5.8 என்று வந்தது. இன்னும் இயல்புக்குள் வரவில்லை. ஆனால் திசை மாறியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இரவில் திடீர்ப் பசியும் நடுக்கமும் வியர்வையும் வந்தால், அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது உடனே இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான் மேலே சொன்னவை அவர்களுக்குப் பொருந்தாது. அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல் இருந்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வால் இரவில் உண்பவர்களும் தயங்காமல் உதவி கேட்கலாம்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு என்னைப் போன்ற முன்நிலையும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023-இல் தெரிவித்தது. ஆசிரியர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் இது நம்மைப் பற்றிய செய்திதான்.

வகுப்பறைக்குள்

விகிதப் பாடத்தின்போது பிள்ளைகளிடம் காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவரச் சொன்னேன். 100 கிராமுக்கு இவ்வளவு என்றால் இந்தப் பாக்கெட்டில் எவ்வளவு, அது எத்தனை தேக்கரண்டி? விடையைக் கரும்பலகையில் எழுதினார்கள். யார் என்ன தின்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரையும் கூச வைக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி தன் குளிர்பானப் பாட்டிலின் கணக்கை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், எங்க அப்பா தினமும் ராத்திரி இதைக் குடிப்பாரு. நான் போய் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டட்டுமா?”

“போட்டுக் காட்டு. ஆனா திட்டாதே” என்றேன். “உங்க டீச்சரும் இப்பத்தான் போட்டுப் பார்த்தாங்கன்னு சொல்லு.”