டொன்சில் சத்திரசிகிச்சை: ஒரு தீர்மானத்தின் சமூக வரலாறு

சிறு பிள்ளையொன்றின் டொன்சில்களையும் அடினொயிட்டையும் சத்திரசிகிச்சை மூலம் அகற்ற வேண்டுமா என்ற வினா, மேலோட்டமாக நோக்குமிடத்து முற்றுமுழுதாக மருத்துவத் துறைக்குரியதாகவே தோன்றும். வைத்தியர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கிறார், வீக்கம் தெரிகிறது, முடிவு கூறப்படுகிறது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இம்முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டு வந்தது என்பதை ஆராயும்போது, தொண்டையில் தெரிந்த வீக்கத்தைக் காட்டிலும் பிள்ளை பிறந்த வர்க்கமும் வாழ்ந்த ஊரும் பார்த்த வைத்தியரின் வழக்கமுமே பல வேளைகளில் அதனைத் தீர்மானித்தன என்பது புலனாகும். இலக்கிய மாணவர்களாகிய நாம் இத்துறையினுள் நுழைவது அத்துமீறலாகப் படலாம். ஆயினும் ஒரு தீர்ப்பு எந்நிலையில் நின்று வழங்கப்படுகிறது என வினவுவது திறனாய்வின் பணியுமாகும்.

டொன்சில்கள் தொண்டையின் இருமருங்கிலும், அடினொயிட் மூக்கின் பின்புறத்திலும் அமைந்த நிணநீர் இழையங்கள். மூச்சோடும் உணவோடும் உட்புகும் கிருமிகளை உடல் முதலில் இனங்காணும் இடங்களுள் இவையும் அடங்கும். பாலர் பருவத்தில் பருத்திருக்கும் இவை, குமரப் பருவத்தை அண்மிக்கும்போது பெரும்பாலும் தாமாகவே சுருங்குகின்றன. எனவே ஐந்து வயதுப் பிள்ளையின் டொன்சில் பெரிதாகத் தெரிவது இயல்பே. அளவு மட்டும் நோய்க்குச் சான்றாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வியல்பே நோயாகக் கருதப்பட்டது. மூட்டு, இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்களுக்குத் தொண்டையிலும் பல்லிலும் மறைந்திருக்கும் கிருமிகளே காரணம் என்ற கோட்பாட்டைச் சிக்காகோவைச் சேர்ந்த பிராங் பில்லிங்ஸ் முதலியோர் பரப்பினர். பாடசாலை மருத்துவப் பரிசோதனையும் பரவலாகிவந்த காலம் அது. 1906 ஜூன் மாதத்தில் நியூ யோர்க்கின் கீழைப்பகுதியில், பாடசாலையிலேயே பிள்ளைகளுக்கு அடினொயிட் அகற்றப்பட்டதையடுத்து, பிள்ளைகளின் கழுத்து அறுக்கப்படுவதாக வதந்தி பரவ, யூதத் தாய்மார் பாடசாலைகளை முற்றுகையிட்டனர். இதனை அறியாமை எனத் தள்ளிவிடுதல் எளிது. அதே மாதத்தில்தான் சார் ஆட்சியின் கீழிருந்த பியாலிஸ்ரொக் நகரில் யூதர் படுகொலை செய்யப்பட்டனர். அத்தகைய வன்முறைக்கு அஞ்சிக் குடிபெயர்ந்த மக்கள், அரச நிறுவனமொன்றினுள் கத்தியைக் கண்டபோது தமது அனுபவத்தைக் கொண்டே அதற்குப் பொருள்கொண்டனர்.

1934 இல் அமெரிக்கச் சிறுவர் சுகாதாரச் சங்கம் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் விரிவாக நோக்கத்தக்கது. நியூ யோர்க் பாடசாலைகளைச் சேர்ந்த பதினொரு வயதுப் பிள்ளைகள் 1000 பேரில் 611 பேருக்கு டொன்சில் ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைப் பரிசோதித்த வைத்தியர்கள் 174 பேருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்றனர். தேவையில்லை எனப்பட்ட 215 பேரும் வேறு வைத்தியர்களிடம் அனுப்பப்பட்டனர். அவர்கள் 99 பேரைத் தெரிந்தனர். மிஞ்சிய 116 பேர் மூன்றாவது குழுவினரிடம் சென்றபோது மேலும் 51 பேர் தெரிவாயினர். இறுதியில் எஞ்சியோர் 65 பேர் மட்டுமே. அவர்களை மேலும் பரிசோதிக்க வைத்தியர் இல்லாது போனமையால் ஆய்வு அத்துடன் நின்றது! ஒவ்வொரு சுற்றிலும் விகிதம் ஏறத்தாழ 45 வீதமாகவே இருந்தமை மனங்கொள்ளத்தக்கது. வைத்தியர்கள் பொய்யுரைத்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு கண்ணுக்கு முன்னரே சென்று தொண்டையில் அமர்ந்துவிட்டது. விடைத்தாள் திருத்துவோருக்கு இது விளங்காத செய்தியன்று.

இங்கிலாந்தில் 1938 இல் அலிசன் குளோவர் வெளியிட்ட கட்டுரை வர்க்கப் பரிமாணத்தைப் புலப்படுத்திற்று. வசதிபடைத்தோரின் பிள்ளைகளே பன்மடங்கு அதிகமாக இச்சிகிச்சைக்குள்ளாயினர். அயலயலான ஊர்களுக்கிடையிலும் விளக்கமுடியாத வேறுபாடுகள் காணப்பட்டன. ஹோர்ன்சி என்னுமிடத்தில் 1929 இல் பாடசாலை மருத்துவ அதிகாரி மாறியதும் சத்திரசிகிச்சைகளின் எண்ணிக்கை பத்திலொன்றுக்கும் கீழே வீழ்ந்தது. பிள்ளைகளின் தொண்டை ஓராண்டுக்குள் மாறிவிடவில்லை, அதிகாரி மாறினார். 1973 இல் வெனபேர்க், கிற்றெல்சோன் ஆகியோர் வேர்மொன்ற் மாநிலத்தை ஆராய்ந்தபோதும், இச்சிகிச்சை ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேருக்கு ஓரிடத்தில் 13 ஆகவும் மற்றோரிடத்தில் 151 ஆகவும் இருந்தது. இவை தீங்கற்ற மிகைகளல்ல. மயக்கமருந்தாலும் இரத்தப்போக்காலும் பிள்ளைகள் இறந்துமுள்ளனர்.

இத்தகைய தரவுகளிலிருந்து நவீன மருத்துவத்தையே நிராகரிக்கும் முடிவுக்குச் செல்வோரும் உளர். 1970களில் இவான் இலிச் அப்போக்கின் குரலாக விளங்கினார். சிக்கலின் வேர் தொழில்மயத்திலன்றி வர்க்க உறவுகளிலேயே உள்ளது என 1975 இல் விசென்ற் நவாரோ அவரை மறுத்தார். நாம் நவாரோவின் பக்கமே நிற்கிறோம். ஏனெனில் இச்சிகிச்சை உண்மையாகவே தேவைப்படும் பிள்ளைகள் இருக்கின்றனர்.

யாருக்குத் தேவை? 1984 இல் பிற்ஸ்பேர்க்கில் ஜக் பரடைஸ் குழுவினர் ஓர் அளவுகோலைச் சோதித்தனர்: கடும் தொண்டை அழற்சி ஓராண்டில் 7 தடவை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 5 தடவை, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 தடவை, ஒவ்வொன்றும் காய்ச்சல், கழுத்து நிணநீர்க் கணு வீக்கம் போன்ற அறிகுறிகளுடன் வைத்தியரால் பதியப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வரையறைக்குள் வந்தோருக்குச் சிகிச்சையின் பின் முதலிரு ஆண்டுகளில் நோய் குறைந்தது. எனினும் சிகிச்சை பெறாதோருள்ளும் பலருக்கு நோய் தானாகவே தணிந்தது. இவ்வரையறையை எட்டாத பிள்ளைகளைப் பொறுத்தவரை, பொறுத்திருந்து அவதானிப்பதே பொதுவாக ஏற்றதாகும்.

இன்று ஐக்கிய அமெரிக்காவில் முதன்மைக் காரணமாக இருப்பது உறக்கத்தில் மூச்சு இடைவிட்டு நிற்றலாகும். பெருத்த குறட்டை, மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு விழித்தல், பகலில் அமைதியின்மை என்பன அதன் அடையாளங்கள். 2013 இல் வெளியான ஆய்வொன்றில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 பிள்ளைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஏழு மாதங்களின் பின், சிகிச்சை பெற்றோரில் 79 வீதத்தினரதும் காத்திருந்தோரில் 46 வீதத்தினரதும் உறக்கப் பரிசோதனை இயல்பு நிலையை எய்தியது. கவனத்தை அளக்கும் சோதனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; நடத்தையும் உறக்கமும் சிகிச்சை பெற்றோரில் கூடுதலாகச் சீரடைந்தன. ஆகவே மிதமான நிலையில் காத்திருக்க இடமுண்டு; இரத்தத்தில் ஒட்சிசன் பெரிதும் குறையும் பிள்ளைக்கு அந்த அவகாசத்தை அளித்தலாகாது. (நடுக்காதில் நீர் தேங்கும் பிள்ளைகளுக்கு அடினொயிட்டை மட்டும் அகற்றுவது வேறொரு விடயம்.)

விஞ்ஞானபூர்வமான இவ்வளவுகோல்களினுள்ளும் வர்க்கம் புகுந்துகொள்கிறது. ஏழு தடவை நோயுற்றமைக்குப் பதிவு வேண்டுமெனின், ஏழு தடவை வைத்தியரிடம் சென்றிருத்தல் வேண்டும். நாட்கூலியை இழக்க இயலாத குடும்பத்தின் பிள்ளை ஏழு தடவையும் வீட்டிலேயே காய்ச்சலைக் கழித்திருக்கும். ஏட்டில் அது ஆரோக்கியமான பிள்ளை. உறக்கப் பரிசோதனைக்குப் பெற்றோரில் ஒருவர் இரவு முழுவதும் உடனிருத்தல் வேண்டும். இக்காரணத்தால் முன்பு மிகைச் சிகிச்சைக்கு ஆளானவர் வசதிபடைத்தோரின் பிள்ளைகளாயிருக்க, இன்று தேவையிருந்தும் விடுபட்டுப்போகும் அபாயம் வறியோரின் பிள்ளைகளையே சார்கிறது. பெற்றோர் ஒவ்வொரு காய்ச்சலையும் தேதியுடன் குறித்துவைத்தலும், உறங்கும் பிள்ளையின் மூச்சைச் சில இரவுகள் கூர்ந்து கவனித்து வைத்தியரிடம் விபரித்தலும் இந்நிலையில் பயனுள்ளவை. டொன்சில் பெரிது என்பதற்கு அப்பால் சிகிச்சைக்குரிய காரணம் யாது, ஆறு மாதம் பொறுத்தால் நேரக்கூடியது யாது என அவர்கள் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

சிகிச்சையின் பின்னரும் கணக்கு முடிவதில்லை. இரத்தக்கசிவு முதல் நாளில் மட்டுமன்றி, ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையிலும், பிள்ளை வீடு திரும்பிய பின்னர், ஏற்படக்கூடும். வலிக்குக் கோடீன் கொடுத்தலாகாது என 2013 இல் அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தனர். சில பிள்ளைகள் அதனால் மூச்சடங்கி இறந்திருந்தனர். அவ்விரு வாரங்களும் பிள்ளையோடு வீட்டில் யார் இருப்பார், நள்ளிரவில் இரத்தம் கண்டால் வைத்தியசாலையை அடைய வாகனம் உண்டா என்பனவும் தீர்மானத்துக்கு முன்னர் விடைகாணப்பட வேண்டியவை.