காய்ச்சலுக்கு முன்னாடி ஒரு 'எ'!

லீவ் லெட்டர் எழுதாத காலேஜ் ஸ்டூடன்ட் உண்டா? 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பீங்க. ஸ்கூலில் மனப்பாடம் பண்ணினது, டிகிரி வாங்குற வரைக்கும் கைகொடுக்கும். காய்ச்சலே இல்லாவிட்டாலும்!

எங்க செட்டில் ஒரு பொண்ணு. உசிலம்பட்டியில் இருந்து தினமும் பஸ் பிடிச்சு மதுரைக்கு வருவாள். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். ஒருநாள் நிஜமாவே காய்ச்சல். 'ஐ ஹேவ் ஃபீவர்'னு எழுதி நீட்டினாள். லெக்சரர் அதைச் சத்தமா வாசிச்சுட்டு, "எங்கேம்மா 'எ'? பஸ்ஸில் விட்டுட்டு வந்துட்டியா?"ன்னார். கிளாஸே சிரிச்சது. நானும்தான். அதுக்கப்புறம் அவள் லீவ் லெட்டரே எழுதலை. உடம்பு அனலாக் கொதிச்சாலும் வந்து பெஞ்சில் தலை சாய்ச்சுக் கிடப்பாள்.

அந்த 'எ' ஏன் விட்டுப்போகுது? தமிழில் ஆர்ட்டிக்கிளே கிடையாது, அதான். 'எனக்குக் காய்ச்சல்', அவ்வளவுதான். 'எனக்கு ஒரு காய்ச்சல்'னு போய்ச் சொல்லிப் பாருங்க, 'எத்தனை எதிர்பார்த்தே?'ன்னு டாக்டர் கேட்பார்.

சரி, இங்கிலீஷ்காரங்களாவது ஒத்துமையா இருக்காங்களா? அதுதான் இல்லை! பல்வலி வந்தா அமெரிக்கர் 'எ டூத்ஏக்'னுதான் சொல்வார். பிரிட்டிஷ்காரர் பெரும்பாலும் 'எ' இல்லாமலே முனகுவார். காதுவலிக்கும் அதே கதை. ஆனா தலைவலிக்கு மட்டும் ரெண்டு பேருமே 'எ ஹெட்ஏக்'. ஏன்னு கேட்டா, நமக்குத்தான் தலைவலி. ஃப்ளூவுக்கு அமெரிக்காவில் 'தி' கட்டாயம். லண்டனில் அது இல்லாமலும் ஓடும். டைஃபாய்டு, மலேரியா, நம்ம மெட்ராஸ் ஐ இதுக்கெல்லாம் எதுவுமே வேண்டாம். 2006-ல் தமிழ்நாட்டையே மடக்கிப் போட்ட சிக்குன்குனியாவுக்கும் வேண்டாம். (ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியில் அந்தப் பேருக்கே 'வளைஞ்சு போறது'ன்னுதான் அர்த்தம். மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நடந்தவங்களுக்குப் புரியும்.)

ஜலதோஷத்துக்கு மட்டும் உஷாரா இருங்க. 'ஐ ஹேவ் எ கோல்ட்'னா சளி. 'ஐ ஆம் கோல்ட்'னா குளிருதுன்னு அர்த்தம். தமிழில் சளி நம்மளைப் பிடிக்கும், இங்கிலீஷில் நாம போய் அதைப் பிடிக்கணும். என்ன கொடுமை பாருங்க!

இன்னொரு கூத்து. தாத்தா பெரியாஸ்பத்திரியில் அட்மிட் ஆகியிருக்கார்னு வைங்க. பிரிட்டிஷ் கணக்குப்படி அவர் 'இன் ஹாஸ்பிடல்'. டிபன் கேரியரோட பார்க்கப் போன நீங்க 'இன் தி ஹாஸ்பிடல்'. அமெரிக்கர்கிட்ட இந்தப் பாகுபாடு கிடையாது, ரெண்டு பேருக்குமே 'தி'தான்.

நம்ம ஃபீவருக்கு வருவோம். 'எ ஃபீவர்'தான் அந்த ரெண்டு நாட்டிலும் வழக்கம். இன்டர்வியூ, ஐஈஎல்டிஎஸ்னு போறவங்க 'எ' போட்டுடுங்க. பிரிட்டிஷ்காரர் பல நேரம் 'ஐ ஹேவ் எ டெம்பரேச்சர்'னு சொல்வார். டெம்பரேச்சர் யாருக்குத்தான் இல்லை? ஆனா டிக்‌ஷனரியில் ஃபீவருக்கு எண்ணக்கூடியது, எண்ண முடியாததுன்னு ரெண்டு முத்திரையும் உண்டு. 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'னு லெட்டரில் எழுதினா யாரும் குத்தம் சொல்ல முடியாது. 'ஐ ஹேவ் ஃபீவர்', இந்தியா முழுக்கப் பேசுற இங்கிலீஷ்.

இதை நான் டிக்‌ஷனரியைப் புரட்டித் தெரிஞ்சுக்கிட்டப்போ எங்க செட் கான்வகேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த உசிலம்பட்டிப் பொண்ணோட நம்பர் எங்க யார்கிட்டயும் இல்லை.